பேனாப் பெட்டிக்குள் ஒரு தாள்

பழுது பார்த்த மைப்பேனாவைப் பஞ்சில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, தபாலில் திருப்பி அனுப்புவது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் வாடிக்கையாளர் மறுபடி வரவேண்டிய தேவையே இருப்பதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் பையை மாற்றி, நிப்பை நேராக்கி, மரையில் சிலிகான் கிரீஸ் தடவிக் கொடுத்த பேனா பல ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் என் பெயரும் முகவரியும் அவருக்கு மறந்துபோகும். வீட்டில் இன்னொரு பேனா கெட்டால் அது மேசை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதற்காகத்தான் பெட்டிக்குள் ஒரு தாள் வைக்கத் தொடங்கினேன். மாதம் ஒன்று. ஏ4 தாளின் இரு பக்கமும் அச்சிட்டு மூன்றாக மடித்தால் பேனாவின் மேல் போர்வை போலச் சரியாக உட்காரும். அந்த மாதம் பேனா அனுப்பாத பழைய வாடிக்கையாளர்களுக்கு உறையில் போட்டு அனுப்புவேன். இதுவரை 31 தாள்கள் ஆகிவிட்டன. நடந்ததை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். எழுத்தை வைத்துத் தொழிலுக்கு ஆள் சேர்க்க நினைப்பவர்களுக்கு என் தவறுகளாவது பயன்படும். அவைதான் அதிகம்.

எத்தனை பேர் வேண்டும்?

தொடங்குமுன் ஒரு கணக்குப் போட்டேன். அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த விஷயத்தில் மிகவும் பேசப்படுவது. தனியாகத் தொழில் செய்யும் கலைஞருக்கு ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும் என்பது அவர் வாதம். ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் லாபம் வந்தால் மொத்தம் ஒரு லட்சம் டாலர். ஆயிரம் என்பது கல்லில் பொறித்த எண் அல்ல என்றும், ஒவ்வொருவரும் தன் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். பலரும் அந்த இடத்தைப் படிக்காமல் ஆயிரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

என் கணக்கு வேறு மாதிரி வந்தது. ஒரு நாளைக்கு மூன்று பேனாக்களுக்கு மேல் என்னால் நிதானமாகப் பார்க்க முடியாது. வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு 48 வாரம் என்று வைத்தால் 720 பேனா. பேனாப் பித்துப் பிடித்தவர்கள் ஆண்டுக்கு இரண்டாவது அனுப்புவார்கள். ஆக எனக்குத் தேவை 360 பேர். அதற்கு மேல் வந்தால் காக்கவைத்துக் கோபப்படுத்தத்தான் முடியும். இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டினேன். பிறகு ஒரு சமயம் அதை மறந்து ஆசைப்பட்டேன். அந்தக் கதை பின்னால் வரும்.

அப்போது என் கையில் இருந்தவை 40 முகவரிகள்.

முதல் நான்கு தாள்கள்

இவற்றைப் பற்றி விரைவாகச் சொல்லி முடித்துவிடுகிறேன், எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதல் தாளில் என் அனுபவத்தைப் பற்றி எழுதினேன். இரண்டாவதில் இரண்டு பேனா அனுப்பினால் கட்டணத்தில் சலுகை என்று அறிவித்தேன். மூன்றாவதில் பேனாவின் வரலாறு: லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் மைப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றது, அது எப்படி உலகை மாற்றியது என்று ஒரே ஆலாபனை. நான்காவதில் 14 காரட் நிப்பில் 58.5 சதவீதம் தங்கம் இருக்கிறது என்பதைச் சுற்றிச் சுற்றி ஒரு பக்கம்.

நான்கு மாதங்கள், 40 பேர், ஒரு பதில்கூட இல்லை. பிடிக்காமல் போனதா, வந்து சேரவே இல்லையா என்பதும் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் ஒருவர் பழைய பேனா ஒன்றை அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்தேன். பேனா ஆடாமல் இருக்கச் சுற்றிலும் கசக்கித் திணித்திருந்த காகிதம் என்னுடைய இரண்டாம் தாள். நன்றாகத்தான் உறிஞ்சியிருந்தது, மைக்கறை சலுகை அறிவிப்பின் மேலேயே இருந்தது.

தொழில் நடத்துபவர் எழுதித் தருவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் விவசாயக் கருவிகள் செய்யும் டீர் நிறுவனம் 1895-லேயே உழவர்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியது, இன்றும் வருகிறது. பிரான்ஸில் டயர் செய்த மிஷெலின் சகோதரர்கள் 1900-இல் வண்டியோட்டிகளுக்கு ஒரு கையேடு அச்சிட்டு, ஏறக்குறைய 35,000 பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது அந்த நாட்டில் மூவாயிரம் கார்கள்கூட இல்லை. இதையெல்லாம் நான் முதல் தாளுக்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் அந்தக் கையேட்டில் என்ன இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. டயரை எப்படி மாற்றுவது, எந்த ஊரில் மெக்கானிக் இருக்கிறார், எரிபொருள் எங்கே கிடைக்கும் என்று வழியில் மாட்டிக்கொண்டவனுக்கு வேண்டியவை இருந்தன. கசங்கிய இரண்டாம் தாளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது.

ஐந்தாம் தாள்

அதே வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து கோபமான கடிதம் வந்தது. ‘ஐயா, பேனா நிறைய மை இருக்கும்போது ஒழுங்காக எழுதுகிறது. கால்வாசி ஆனதும் குடத்தைக் கவிழ்த்தது போல் தாளில் கொட்டுகிறது. நீங்கள் என்ன பழுது பார்த்தீர்கள்?’

எனக்கும் கோபம் வந்தது. பழுது சரியாகத்தான் பார்த்திருந்தேன். அது உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் வகைப் பேனா; அந்த வகைக்கே உள்ள குணம் இது. அதை விளக்கி இரண்டு பக்கம் பதில் எழுதினேன். கடிதத்தை உறையில் போடும்போது கை நின்றது. நான் நான்கு மாதமாக எழுதத் தேடிய தாள் இதுதானே? நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அச்சிடும் முன் மேசையில் சோதித்துப் பார்த்தேன். அதே மாதிரிப் பேனா, 2.8 மில்லி மை கொள்ளும். முக்கால்வாசி காலி என்றால் உள்ளே 2.1 மில்லி காற்று. அறை வெப்பம் 25 பாகை. உடலை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் அந்தக் காற்று சில நிமிடங்களில் 33 பாகை வரை சூடேறலாம். எட்டுப் பாகை ஏறினால் காற்று ஏறத்தாழ 2.7 சதவீதம் விரியும். அதாவது 0.057 மில்லி. ஒரு சொட்டு மை என்பது சுமார் 0.05 மில்லி. விரிந்த காற்று தனக்கு இடம் வேண்டும் என்று ஒரு சொட்டு மையை நிப்பு வழியாக வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். பேனா நிறைந்திருக்கும்போது உள்ளே காற்று மிகக் குறைவு. அது விரிந்து தள்ளும் துளி மையை நிப்பின் அடியில் நாக்கு போல இருக்கும் துண்டின் வெட்டுகளே தாங்கிக்கொள்ளும்.

நிப்பு கீழே பார்க்கும்படி பேனாவைப் பொத்திப் பிடித்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். மை உறிஞ்சும் தாளில் ஒரு சொட்டு விழுந்தது. கணக்கும் கையும் ஒத்துப்போகும்போது வரும் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தாளின் தலைப்பாக அவர் சொற்களையே போட்டேன்: ‘கால்வாசி ஆனதும் கொட்டுகிறது.’ கணக்கு, சோதனை, கடைசியில் செய்யவேண்டியது: மூன்றில் ஒரு பங்கு குறையும்போதே மறுபடி நிரப்புங்கள், நிரப்ப வழியில்லையென்றால் எழுதும் முன் நிப்பை மேலே பார்க்க வைத்துச் சிறிது நேரம் கையில் பிடித்திருங்கள், சூடேறிய காற்று மையைத் தள்ளாமல் நிப்பு வழியே போய்விடும். விமானத்தில் போகும்போதும் இதே கதைதான். அங்கே வெப்பத்துக்குப் பதில் காற்றழுத்தம். பேனாவை முழுக்க நிரப்பி அல்லது முழுக்கக் காலியாக்கி, நிப்பு மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

52 பேருக்கு அனுப்பினேன். ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். ‘பதினைந்து வருடமாக என் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு பேர் தாளை நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்திருந்தார்கள்; அந்த நண்பர்களிடமிருந்து பேனாக்கள் வந்தன.

கீழே வெட்டிக்கொள்ளும் துண்டு

ஆறாம் தாளிலிருந்து ஒரே வழிமுறைதான். ஒருவர் கேட்ட ஒரு கேள்வி. தலைப்பு அவருடைய சொற்களில். எழுதும் முன் மேசையில் செய்து பார்த்தாக வேண்டும். அச்சான முதல் பிரதி இரண்டு நாள் முன்னதாகக் கேட்டவருக்குப் போகும். அவர் சம்மதித்தால் மட்டும் பெயர் போடுவேன். பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள், சிலர் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியதாகக்கூட எழுதினார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பலன் தந்தது தாளின் அடியில் நான் விட்ட வெற்றிடம். கால் பக்கத்தைக் காலியாக விட்டு, வெட்டுவதற்குப் புள்ளிக்கோடு போட்டு, மேலே ஒரு வரி: ‘உங்கள் பேனா செய்யும் சேட்டையை அந்தப் பேனாவாலேயே இங்கே எழுதி அனுப்புங்கள்.’

இடம் நிரப்ப வைத்த வரி இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வந்து விழுந்த துண்டுகளைப் பார்த்தபோதுதான் அதன் மதிப்பு தெரிந்தது. பேனாவாலேயே எழுதியதால் நோயாளியின் நாடியே தபாலில் வந்துவிடுகிறது. கோடு இரண்டாகப் பிளந்து நடுவில் வெள்ளை தெரிந்தால் நிப்பின் இரு கால்களும் அகன்றிருக்கின்றன. வரி போகப் போக நிறம் வெளுத்தால் மை ஓட்டம் பற்றவில்லை. ஒரு பக்கமாக இழுக்கும்போது மட்டும் தாள் கீறியிருந்தால் நிப்பின் கால்கள் மேலும் கீழுமாக நிற்கின்றன. பாதிப் பேருக்கு பேனாவை அனுப்பவே வேண்டாம், வீட்டிலேயே இப்படிச் செய்யுங்கள் என்று பதில் எழுதினேன்.

அதனால் வருமானம் போகவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். போனது, கொஞ்சம். அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னவர்கள்தான் பிறகு தாத்தாவின் பேனா, மாமனாரின் பேனா என்று மூன்று நான்காகச் சேர்த்து அனுப்பினார்கள். இப்படி நடக்கும் என்று தெரிந்து செய்ததில்லை.

குறிப்பேட்டில் ஐந்து பத்தி போட்டேன்: தேதி, பெயர், பேனா, கேள்வி, அவர் சொன்ன அதே சொற்கள். கடைசிப் பத்திதான் சொத்து. ‘மை ஓட்டம் சீரற்றது’ என்று நான் எழுதுவேன். ‘பேனா விக்குகிறது’ என்று ஒருவர் எழுதினார். எந்தத் தலைப்பைப் பார்த்தால் தாளைப் பிரிப்பீர்கள்?

அறுநூறு முகவரிகள்

ஐந்திலிருந்து பத்துவரை தாள்கள் நன்றாகப் போயின. சுவரில் ஒட்டிய 360 கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, என்னிடம் 90 பேர்தான். எழுதுபொருள் வியாபாரம் செய்த ஒரு தெரிந்தவர் தன் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்தார். 600 முகவரிகள். பதினொன்றாம் தாளை எல்லாருக்கும் அனுப்பினேன். மடிக்கவே மூன்று நாளாயிற்று. கட்டைவிரல் நகத்தில் தோல் உரிந்தது.

வந்த பதில்கள் நான்கு. அதில் ஒன்று: ‘என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’

அதற்கு என்னிடம் நாகரிகமான பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து கேட்டவருக்கு மட்டும்தான் தாள். ஓராண்டு ஒரு வரிகூட எழுதாதவருக்கு ஓர் அஞ்சலட்டை போகும்: தொடர்ந்து வேண்டுமா, வேண்டாமா? பதில் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவேன். முதல் முறை இப்படி 31 பெயர்களை எடுத்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அச்சுச் செலவும் தபால் செலவும் குறைந்தன, வரும் துண்டுகளின் எண்ணிக்கை குறையவில்லை.

பதினான்காம் தாள்

நான் அச்சிட்டதிலேயே மோசமானது இது. காய்ந்த மையால் அடைத்துப்போன பேனாவை எப்படிச் சுத்தம் செய்வது என்பது பொருள். வெறும் தண்ணீர் பற்றாவிட்டால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அம்மோனியா, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. ஆல்கஹாலும் அசிட்டோனும் பேனாவின் பக்கமே வரக்கூடாது, செல்லுலாயிட் உடல் உருகிப்போகும். இதுவரை சரி. அடுத்த வரியில் ‘இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள்’ என்று எழுதிவிட்டேன். நிப்பும் கழுத்துப் பகுதியும் மட்டும் என்று சொல்லவில்லை. எபோனைட் பேனாக்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லவில்லை.

எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். பல ஆண்டுகள் வெளிச்சம் பட்டு மேற்பரப்பு தளர்ந்திருந்தாலும் பார்க்கக் கறுப்பாகவே இருக்கும். தண்ணீரில் ஊறியதும் கறுப்பு போய்ப் பாசியும் பழுப்பும் கலந்த நிறம் வந்துவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்ததாலேயே எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒருவர் தன் தந்தையின் கறுப்பு எபோனைட் பேனாவை மூடியோடு முழுசாக இரவெல்லாம் ஊறவைத்தார். காலையில் எடுத்தால் ஆலிவ்காயின் நிறம். துண்டில் வசவு ஒன்றும் எழுதவில்லை. ‘14-ஆம் தாள், இரண்டாம் பக்கம், ஏழாம் வரி’ என்று மட்டும் எழுதி, பேனாவையும் வைத்து அனுப்பியிருந்தார். வசவே தேவலை.

அடுத்த தாள்வரை காத்திருக்கவில்லை. பதினான்காம் தாள் போன ஒவ்வொருவருக்கும் அதே வாரம் கையால் அஞ்சலட்டை எழுதினேன்: ஏழாம் வரி தவறு, எபோனைட்டை ஊறவைக்காதீர்கள், ஏற்கெனவே செய்து நிறம் போயிருந்தால் பேனாவை அனுப்புங்கள், கட்டணம் இல்லை. பதினைந்தாம் தாளின் முதல் வரியும் அதுவே. சிலர் திருத்தத்தைக் கடைசிப் பக்க மூலையில் சிறிய எழுத்தில் போடுவார்கள். எனக்கும் அந்த எண்ணம் ஒரு மணி நேரம் இருந்தது.

அவருடைய பேனாவின் மூடியை, நனைத்த மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தேன், கறுப்பு திரும்பியது. உடலில் தேய்க்கவில்லை. அங்கே பொறித்திருந்த எழுத்துகள் ஏற்கெனவே ஆழமில்லாதவை, தேய்த்தால் அழிந்துவிடும். நிலைமையை எழுதிக் கேட்டேன். உடலை அப்படியே விடச் சொன்னார். இன்றும் அந்தப் பேனாவுக்குக் கறுப்பு மூடி, பழுப்பு உடல்.

இனி இவர் வரமாட்டார் என்று பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். பதினாறாம் தாள் போன நான்காம் நாள் அவரிடமிருந்து துண்டு வந்தது: மூன்று கேள்விகள், ஓர் எழுத்துப்பிழை, ஒரு சந்தேகம். பதினேழுக்கும் வந்தது. பதினெட்டாம் தாளை அச்சிடும் முன்பே அவருக்கு அனுப்பிவிட்டேன், எப்படியும் திருத்தத்தான் போகிறார். அன்றிலிருந்து அவர் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போவதில்லை. ‘இதை நீங்கள் செய்து பார்த்தீர்களா, படித்தீர்களா?’ என்று ஓரத்தில் எழுதுவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பத்திகளை அடித்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு சம்பவங்கள்

இருபதாம் தாளில் காசு வாங்கிக்கொண்டு ஒரு மையைப் பாராட்டி எழுதினேன். ‘விளம்பரம்’ என்று மேலே தெளிவாகப் போட்டிருந்தேன், மையும் மோசமில்லை. இருந்தும் வந்த துண்டுகளில் ஆறு ஒரே கேள்வியைக் கேட்டன, வார்த்தைகள்தான் வேறு: இந்த மாதம் எழுதியது யார்? என் கையால்தான் எழுதினேன், என் குரலில் எழுதவில்லை போலிருக்கிறது. மறுபடி அதைச் செய்யவில்லை.

இருபத்தேழாம் தாள் அதற்குரிய மாதத்தில் வரவே இல்லை. மணிக்கட்டு வலியால் ஆறு வாரம் வேலையை நிறுத்தியிருந்தேன். தாளை யார் தேடப்போகிறார்கள் என்று அறிவிப்புக்கூட அனுப்பவில்லை. பதினேழு கடிதங்கள் வந்தன. உடம்புக்கு என்ன என்று கேட்டவர்கள் பதினான்கு பேர். இருவர் முகவரி மாறிவிட்டதா என்று கேட்டார்கள். ஒருவர் ஒன்றுமே கேட்காமல் தானே ஒரு தாள் எழுதி அனுப்பியிருந்தார்: இறுகிப்போன பேனாவின் கழுத்தை இளஞ்சூட்டில் திறந்தது எப்படி, உள்ளே ஒட்டியிருந்த அரக்கு இளகும்வரை எவ்வளவு பொறுமையாக இருக்கவேண்டியிருந்தது, அவசரத்தில் முறுக்கித் தன் முதல் பேனாவை உடைத்தது எப்படி. என் நடையைவிட நன்றாக இருந்தது. மேசையில் செய்து பார்த்தேன், சரியாக வந்தது. அதுதான் இருபத்தேழாம் தாள், அவர் பெயரில்.

இப்போது தாள் பெறுபவர்கள் 214 பேர். 360 இன்னும் வரவில்லை. ஆனால் கடந்த 12 மாதங்களில் பார்த்த 640 பேனாக்களில் 400-க்கு மேல் இவர்களிடமிருந்தோ, இவர்கள் சொல்லி வந்தவர்களிடமிருந்தோ வந்தவை. சுவரில் இருந்த எண்ணை எடுத்துவிட்டேன், வண்ணம் பூசும்போது. திரும்ப ஒட்டத் தோன்றவில்லை.

32-ஆம் தாளுக்கான துண்டு மேசையில் கிடக்கிறது. ‘எழுதிக்கொண்டே போனால் ஒன்றுமில்லை, எடுத்து வைத்ததும் முதல் கீற்று மட்டும் விழுவதில்லை’ என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து பாதிதான் இருக்கிறது. மை தடித்துவிட்டது என்று எழுதினேன். பழுப்புப் பேனாக்காரர் அடித்துவிட்டார். மூடி சரியாக மூடாமல் நிப்பு காய்கிறது என்று எழுதினேன். அப்படியானால் காலையில்தானே நடக்கவேண்டும், வரிக்கு வரி ஏன் என்று கேட்டிருக்கிறார். மிச்சம் இருப்பது ஒன்றுதான்: நிப்பின் நுனியை அளவுக்கு மேல் மெருகேற்றி, பிளவின் உள் விளிம்புகள் உருண்டுபோய், மை தாளைத் தொடாமல் ஒரு மயிரிழை உள்ளே நிற்பது. உருப்பெருக்கியில் பார்க்காமல் அதை எழுதமுடியாது. பேனாவை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.